பட்டம் தராத ஊரில் மூன்று ஆண்டுகள்

எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு வகுப்பெடுக்கிறார் என்றால் கேம்பிரிட்ஜில் அரங்கு நிறைந்துவிடும். அணுவுக்குள் உட்கரு இருப்பதைக் கண்டு சொன்னவர், நோபல் பரிசு பெற்றவர், 1919இல் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். அவருடைய வகுப்பில் ஒரே ஒரு மாணவி இருந்தார். பெயர் செசிலியா பெய்ன். பெண்கள் தனியாக முன்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. வேறு பெண்ணே இல்லாததால் அந்த வரிசை முழுவதும் அவர் ஒருவருக்கே. ரூதர்ஃபோர்டு ஒவ்வொரு நாளும் அவரைக் குறிவைத்துப் பார்த்தபடி, “லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்” என்று தொடங்குவாராம். உடனே பின்னாலிருக்கும் பையன்கள் கைதட்டி, கால்களால் தரையை உதைத்து ஆர்ப்பரிப்பார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஏங்கியதாகவும், வயதான பிறகும் எந்த அரங்குக்குப் போனாலும் தன்னையறியாமல் பின்வரிசையையே தேடியதாகவும் பெய்ன் எழுதியிருக்கிறார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று 1925இல் தன் ஆய்வேட்டில் காட்டியவர் இந்தப் பின்வரிசைக்காரர்தான்.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நட்சத்திரங்களைவிட அந்த முன்வரிசை மீதுதான் கவனம். பெரிய அநீதிகளை வரலாறு எப்படியோ குறித்து வைத்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் 1948 வரை பெண்களுக்கு முழுமையான பட்டம் தரவில்லை என்பது எல்லாப் புத்தகங்களிலும் இருக்கும். ஆனால் பட்டம் என்பது மூன்றாண்டு முடிவில் ஒரே ஒரு நாள் நடக்கிற காரியம். மற்ற நாட்களெல்லாம் எங்கே உட்காருவது, யாருடன் நடப்பது, யார் அறைக்கு வரலாம், எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பது என்பவற்றில்தான் கழிந்திருக்கும். பெண்கள் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவள் என்பதால் இந்த வகையான விவரங்கள் கண்ணில் பட்டால் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

அங்கே பெண்களுக்கு இரண்டு கல்லூரிகள் இருந்தன. கிர்ட்டன் 1869இல் ஐந்து மாணவிகளுடன், கேம்பிரிட்ஜில்கூட அல்ல, ஹிட்சின் என்ற வேறோர் ஊரில் தொடங்கியது. ஆண் மாணவர்களுக்கு அருகில் இருந்தால் பேச்சு வரும் என்ற பயம். 1873இல்தான் கேம்பிரிட்ஜுக்கு இடம் பெயர்ந்தது. அப்போதும் ஊருக்குள் வரவில்லை. இரண்டரை மைல் தள்ளி, வயல்களுக்கு நடுவே நின்றுகொண்டது. நியூன்ஹாம் 1871இல் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் தொடங்கியது. அங்கேயும் முதலில் ஐந்து பேர்தான். கிர்ட்டனை நிறுவிய எமிலி டேவிஸ் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர்: ஆண்களுக்கு என்ன தேர்வோ அதேதான் பெண்களுக்கும், லத்தீனும் கிரேக்கமும் உட்பட, ஒரு சலுகையும் வேண்டாம். வீட்டிலிருந்த ஆசிரியையிடம் பிரெஞ்சும் பியானோவும் மட்டும் கற்று வந்த பெண்ணுக்கு அந்தக் கிரேக்கம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நியூன்ஹாம்காரர்கள் கொஞ்சம் இளகிய மனத்தினர். பெண்ணின் ஆயத்தத்துக்கு ஏற்றபடி படிக்கட்டும் என்றார்கள். யார் சொன்னது சரி என்று இன்றும் வாதிடலாம். எனக்கு எமிலி டேவிஸ் பக்கம்தான் சாய்வு. சலுகையோடு கொடுத்த எதையும் பிறகு சலுகை என்று சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்கள்.

கிர்ட்டனில் ஒரு மாணவிக்கு இரண்டு அறைகள். ஒன்று படுக்க, ஒன்று படிக்க. தொடக்க காலத்தில் ஆண்டுக் கட்டணம் 105 பவுண்டு. நடுத்தரக் குடும்பத்துக்குக் கனமான தொகை. அந்தப் பணத்துக்கு அந்தப் பெண் வாங்கியது பாடங்களை மட்டும் அல்ல, உள்ளிருந்து சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கதவையும்தான். அந்தக் காலத்து ஆங்கிலேய நடுத்தர வீட்டில் திருமணமாகாத மகள் பகலில் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பது நடக்கிற காரியமல்ல. விருந்தினர் வருவார்கள், அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தர வேண்டும், தம்பிக்குப் பாடம் சொல்ல வேண்டும். மகளின் நேரம் வீட்டின் பொதுச்சொத்து. நம் வீடுகளில் இது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. கணப்பில் நெருப்பு எரிய, மேசையில் புத்தகம் திறந்திருக்க, காலை உணவு முடிந்து மதியம்வரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு பொழுது, அந்தப் பெண்களில் பலருக்கு வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கிடைத்தது.

ஆனால் கட்டடத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்கள் கல்லூரிகளில் முற்றத்திலிருந்து நேராக மாடிப்படி ஏறி அவரவர் அறைக்குப் போய்விடலாம். யார் வந்தார், யார் போனார் என்பது யாருக்கும் தெரியாது. கிர்ட்டனில் அப்படியில்லை. ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வரைந்த அந்தச் செங்கல் கட்டடத்தில் நீண்ட நீண்ட தாழ்வாரங்கள். அறைகள் எல்லாம் தாழ்வாரத்தில் திறக்கும். நியூன்ஹாமிலும் தாழ்வாரம்தான், கட்டடத்தை அடுத்து கட்டடம் எழுப்பி எல்லாவற்றையும் மூடிய நடைபாதையால் இணைத்துக்கொண்டே போனார்கள். மழையில் நனையாமல் போகலாம் என்பது ஒரு வசதி. நடமாட்டம் ஒரே பார்வையில் தெரியும் என்பது இன்னொரு வசதி, வேறு சிலருக்கு.

காலையில் பணிப்பெண் வெந்நீர் கொண்டுவந்து வைப்பதில் நாள் தொடங்கும். பிரார்த்தனை, காலை உணவு, பிறகு ஊருக்குள் விரிவுரை. நியூன்ஹாம் பெண்கள் நடந்தே போய்விடுவார்கள். கிர்ட்டன் பெண்களுக்கு வாடகைக் குதிரை வண்டி, பிறகு சைக்கிள். மதியம் ஹாக்கி, டென்னிஸ், இல்லையென்றால் நடை. தேநீர், படிப்பு, இரவு உணவு, மறுபடி படிப்பு. நல்ல வசதிதான். பணிப்பெண்களின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்கியிருக்கும், வெந்நீர் எத்தனை மாடி ஏறியிருக்கும் என்பதையும் அந்தத் தாழ்வாரங்களில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரும் நினைவுக் குறிப்பு எழுதவில்லை, அல்லது என் கைக்கு வரவில்லை.

மாணவிகளிடையே ஒரு விசித்திரமான வழக்கம் இருந்தது. முதலாண்டு மாணவியும் மூத்த மாணவியும் ஒருவரையொருவர் ‘மிஸ் இன்னார்’ என்று குடும்பப் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஒரே மேசையில் சாப்பிட்டாலும் ஒரே அணியில் ஹாக்கி ஆடினாலும் மிஸ்தான். ஒருநாள் மூத்த மாணவி முறைப்படி முன்மொழிவார்: இனி நாம் பெயர் சொல்லி அழைத்துக்கொள்ளலாமா? இளையவள் தானாகத் தொடங்கக் கூடாது. முன்மொழிவதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல், ஆண்கள் திருமணத்துக்குக் கேட்பதற்குச் சொல்கிற அதே ‘ப்ரொபோஸ்’ தான். வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்தொன்பது வயதுக்கு இந்த அளவுக் குறும்பு இல்லாவிட்டால் எப்படி. எங்கள் விடுதியில் பெட்டியை இறக்கி வைக்கும்போதே மூத்தவர்கள் எல்லாரும் ‘அக்கா’ ஆகிவிடுவார்கள். நெருக்கம் வருவதற்கு முன்பே உறவு வந்துவிடும். பெயர் சொல்லி அழைக்கும் நாள் மட்டும் கடைசிவரை வராது.

உடன்வரும் பெண்மணி விவகாரத்துக்கு வருகிறேன். முதல் உலகப் போர்வரைக்கும், ஓர் ஆண்கள் கல்லூரியில் தேநீருக்கு அழைத்தால் மாணவி தனியாகப் போக முடியாது. மணமான, அல்லது வயதில் மூத்த பெண்மணி ஒருவர் துணைக்கு வர வேண்டும். முற்காலத்தில் விரிவுரைக்குக்கூட அப்படி ஒருவர் கூடவே வந்து, ஒரு மூலையில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். மாணவியின் அறைக்கு அப்பா வரலாம், அண்ணன் வரலாம். அண்ணனின் நண்பன் வரக் கூடாது.

எங்கள் விடுதியில் சேரும்போது, பார்க்க வரக்கூடியவர்களின் புகைப்படங்களை ஓர் அட்டையில் ஒட்டித் தர வேண்டும். அட்டையில் முகம் இல்லாதவருக்கு வாசலோடு சரி. என் தாய்மாமா பழநியில் மொட்டை போட்டுக்கொண்டு, மீசையையும் எடுத்துவிட்டு, அங்கிருந்து நேரே பஞ்சாமிர்த டப்பாவோடு என்னைப் பார்க்க வந்தார். அட்டையில் இருப்பவரோ சுருட்டை முடியும் கட்டை மீசையும் வைத்தவர். காவலாளி அட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். பஞ்சாமிர்தம் உள்ளே வந்தது; மாமா வரவில்லை.

இந்த விதிகளை யார் போட்டார்கள் என்பதுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிற கேள்வி. பல்கலைக்கழகத்து ஆண்கள் சில விதிகளைப் போட்டார்கள்; மீதியைப் போட்டவர்கள் பெண்களே. பெண் கல்விக்காகத் தங்கள் வாழ்நாளைக் கொடுத்தவர்கள். 1871இல், ஹிட்சினில் இருந்தபோதே, மாணவிகள் தங்களுக்குள் ஷேக்ஸ்பியர் காட்சிகளை ஆண் உடை அணிந்து நடித்துப் பார்த்தார்கள். பார்த்தது அவர்களும் ஆசிரியர்களும் மட்டுமே. எமிலி டேவிஸ் கொதித்துப் போனார். இது வெளியே தெரிந்தால் கல்லூரியே போய்விடும் என்பது அவருடைய வாதம். எங்கள் நடத்தையை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்பது மாணவிகளின் வாதம். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. பெண்கள் படித்தால் குடும்பம் கெடும், உடல் கெடும், கர்ப்பப்பை கெடும் என்று மருத்துவர்களே பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த காலம்; ஒரே ஒரு வதந்தி போதும். ஆனாலும் அந்த நியாயத்தின் செலவை யார் கட்டினார்கள்? நிறுவனம் பிழைத்திருப்பதற்கான விலையை, பத்தொன்பது வயதுப் பெண்கள் தங்கள் மாலை நேரங்களால் கட்டினார்கள். எமிலி டேவிஸைப் புரிந்துகொள்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வார்டனைப் பற்றியும் இதே நிலைதான்.

விதிகள் இவ்வளவு இருந்தும் அந்தப் பெண்களின் கடிதங்களில் தெரிவது உற்சாகம். கிர்ட்டனின் தீயணைப்புப் படையைச் சொல்ல வேண்டும். கல்லூரிக்கு அருகில் ஒரு வைக்கோல் போர் தீப்பற்றி எரிந்தது. இங்கே நெருப்பு வந்தால் இரண்டரை மைல் தள்ளியிருக்கிற ஊரிலிருந்து வண்டி வருவதற்குள் எல்லாம் சாம்பலாகிவிடும் என்று மாணவிகள் கணக்குப் போட்டார்கள். 1879இல் தாங்களே ஒரு படை அமைத்தார்கள். விளையாட்டுக்கு அல்ல; லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் கேப்டன் ஷாவிடமே பயிற்சி கேட்டுப் பெற்றார்கள். கைப்பம்பு, குழாய், வாளிகள், தலைவி, துணைத் தலைவிகள், முறையான ஒத்திகை. தாழ்வாரத்தில் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி அனுப்புவார்கள். அறையறையாக ஆட்களைக் கண்காணிப்பதற்கு வசதியான அதே நீண்ட தாழ்வாரம், வாளி வரிசைக்கும் அருமையாக வசதிப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, ஒரு தலைமுறை மாணவிகளிடமிருந்து அடுத்த தலைமுறைக்கு அந்தப் படை கைமாறி வந்திருக்கிறது. தேநீருக்குத் தனியாகப் போக அனுமதி இல்லாத பெண்கள் தீயை அணைக்கத் தயாராக இருந்தார்கள்.

அறிவியல் படித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். விரிவுரை கேட்க விட்டாலும் ஆய்வுக்கூடங்களில் இடம் கிடைப்பது கடினம். அதனால் பெண்கள் தங்களுக்கென்று ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார்கள். நியூன்ஹாம் தோட்டத்தில் வேதியியலுக்கு ஒன்று. ஊருக்குள், பயன்பாட்டில் இல்லாத ஒரு தேவாலயத்தை வாங்கி 1884இல் உயிரியலுக்கு ஒன்று. பால்ஃபர் ஆய்வுக்கூடம் என்று பெயர். வேதியியல் கற்பித்தவர் ஐடா ஃப்ராய்ண்ட். ஆஸ்திரியாவில் பிறந்தவர், கிர்ட்டனில் படித்தவர். சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்திருந்தார். மூன்று சக்கர நாற்காலி ஒன்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வருவார். கண்டிப்புக்குப் பெயர் போனவர்.

இறுதித் தேர்வு நெருங்கிய ஒரு நாளில், தனிம வரிசை அட்டவணையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்லி அனுப்பினார். நடுங்கிக்கொண்டே போனவர்கள் கண்டது ஒரு பெரிய பலகையில் பரப்பிய தனிம அட்டவணை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு சிறு கேக். மேலே சர்க்கரைப் பூச்சில் தனிமத்தின் பெயர், அணு எடை. தொகுதிகளின் எண்கள் சாக்லெட்டில். பார்த்து முடித்ததும் தின்றுவிடலாம். எந்தக் கேக்குக்குப் போட்டி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரே யோசனை. தங்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆர்செனிக்கை யாராவது ஒரு வீராங்கனை எடுத்திருப்பார். வேதியியல் எனக்குக் கடைசிவரை வராத பாடம். இப்படி ஓர் ஆசிரியை வாய்த்திருந்தால், பாதி அட்டவணையாவது வயிற்றில் தங்கியிருக்கும்.

இரவு கோகோ இதைவிடப் பிரசித்தம். இரவு உணவு முடிந்து, படிப்பும் ஓய்ந்த நேரத்தில் ஒருத்தி தன் அறைக்கு நாலைந்து பேரை அழைப்பாள். கணப்பின் மேல் கெட்டில். கோகோ, பால், கொஞ்சம் கேக் அல்லது பிஸ்கட். இரவு உடையோடு தரையில் உட்கார்ந்து, கடவுள் உண்டா இல்லையா, பெண்ணுக்கு ஓட்டுரிமை எப்போது, யாருடைய அண்ணன் பார்க்க லட்சணம் என்று நள்ளிரவுவரை போகும். அழைப்பு எழுத்தில்கூட வரும். யார் யாரை அழைத்தார், யாரை விட்டார் என்பதில் மனக்கசப்புகளும் உண்டு. கேம்பிரிட்ஜின் ஆண்கள் கல்லூரிகளில் மதுக் கிண்ணத்தோடு நடந்த உரையாடல்களைப் பற்றி நூல்கள் பல இருக்கின்றன. இந்தக் கோகோ உரையாடல்கள் அவற்றுக்கு இளைத்தவையல்ல. 1908 ஜூனில் லண்டனில் நடந்த பெண் வாக்குரிமைப் பேரணியில் இந்த இரண்டு கல்லூரிகளின் பெண்களும் தாங்களே தைத்த பதாகையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பேரணிக்கான பேச்சில் பாதியாவது கணப்பருகே தொடங்கியதாகத்தான் இருக்கும்.

செசிலியா பெய்னுக்கும் இப்படி ஓர் அறை நியூன்ஹாமில் இருந்தது. 1919இல் ஆர்தர் எடிங்டன், கிரகணத்தின்போது ஒளி வளைவதை அளந்து ஐன்ஸ்டீனின் கோட்பாட்டைச் சோதித்த கதையை டிரினிட்டி கல்லூரியின் பெரிய மண்டபத்தில் சொன்னார். நியூன்ஹாமுக்கு ஒதுக்கிய நுழைவுச்சீட்டுகள் வெறும் நான்கு. தோழி ஒருத்தி போக முடியாமல் போனதால் ஒன்று இவர் கைக்கு வந்தது. திரும்பி வந்து அறையில் உட்கார்ந்து, கேட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதி முடித்தார். மூன்று இரவுகள் தூங்கவில்லை. தாவரவியல் படிக்க வந்த பெண் அத்தோடு இயற்பியல் பக்கம் திரும்பிவிட்டார்.

இப்படியெல்லாம் படித்துத் தேர்வில் வென்றால்? 1890இல் நியூன்ஹாமின் ஃபிலிப்பா ஃபாசெட் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்ற ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். அந்த முதலிடத்துக்கு ‘சீனியர் ராங்லர்’ என்று பெயர். ராங்லர் பராஞ்சபேயைக் கேள்விப்பட்டவர்களுக்குச் சொல் பரிச்சயமாக இருக்கும். ஃபாசெட்டுக்கு அந்தப் பெயரும் இல்லை, பட்டமும் இல்லை. 1897இல் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண்ணின் கொடும்பாவியை வாக்கெடுப்பு நடந்த கட்டடத்துக்கு எதிரே இருந்த கடையின் மாடியிலிருந்து கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் படுதோல்வி அடைந்தது. 1904 முதல் 1907 வரை டப்ளினின் டிரினிட்டி கல்லூரி ஒரு வாசலைத் திறந்தது: தேர்வில் தேறிய கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு பெண்கள் இங்கே வந்து பட்டம் வாங்கிக்கொள்ளலாம். சுமார் 720 பெண்கள் நீராவிக் கப்பலேறிப் போய் வாங்கி வந்தார்கள். அவர்கள் கட்டிய கட்டணத்தில் டப்ளின் கல்லூரி தன் மாணவிகளுக்கு ஒரு விடுதி வாங்கியது. இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரவு செலவு இதுதான்.

இதற்கெல்லாம் வெகு முன்பே, 1883இல், கல்கத்தா பல்கலைக்கழகம் காதம்பினிக்கும் சந்திரமுகிக்கும் பி.ஏ. பட்டம் கொடுத்துவிட்டது. 1911இல் நம் சகோதரி சுப்பலட்சுமி, குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டதாரி ஆகிவிட்டார். ஆண்டவர்களின் ஊரில் கிடைக்காதது ஆளப்பட்டவர்களின் ஊரில் கிடைத்தது. பி.ஏ.வுக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில்கூடத் தேறாத ராமானுஜனுக்கு 1916இல் கேம்பிரிட்ஜ் ஆய்வின் பேரில் பி.ஏ. கொடுத்தது, அதே ஆண்டு அங்கே தேர்வில் தேறிய பெண்களுக்கு இல்லை. ராமானுஜன் தன் அறையில் சமைத்து விருந்து வைத்ததும், வந்திருந்த இந்தியப் பெண்கள் மூன்றாம் முறை ரசம் வேண்டாம் என்றதும் மனம் புண்பட்டு ஆக்ஸ்போர்டுக்குக் கிளம்பிப் போய்விட்டதும் பலரும் சொல்லும் கதை. எல்லாரும் ராமானுஜன் பக்கமிருந்தே அதைச் சொல்கிறார்கள். யாரிடம் என்ன சொல்லிவிட்டு அந்தப் பெண்கள் அங்கே வந்தார்கள், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டியிருந்தது என்றுதான் என் மனம் போகிறது.

போர்க்காலத்தில் ஆண் மாணவர்கள் முனைக்குப் போய்விட, அரங்குகள் வெறிச்சோடின. மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்போதும் ஒரு பேராசிரியர், பெண்களே நிறைந்த அரங்கைப் பார்த்து “ஜென்டில்மென்” என்றே தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. இரண்டு கல்லூரிகளும் பணம் திரட்டி, பிரான்சிலும் பிறகு சலோனிகாவிலும் இயங்கிய ஒரு போர்க்கள மருத்துவமனைப் பிரிவுக்குக் கொடுத்தன. போர் முடிந்து 1921 அக்டோபரில் மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி தோல்வி. வெற்றிக் களிப்பில் ஒரு கும்பல் நியூன்ஹாமுக்கு ஓடி, தள்ளுவண்டியால் மோதி, முதல் முதல்வர் ஆன் க்ளஃப் நினைவாக வைத்த வெண்கல வாயிற்கதவுகளைச் சிதைத்தது. பெய்ன் அப்போது அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்கு, பட்டத்தின் பெயரை மட்டும் போட்டுக்கொள்ளலாம், பல்கலைக்கழகத்தின் உறுப்பினர் ஆக முடியாது என்று ஓர் ஏற்பாடு வந்தது. 1923இல் பெய்ன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

இன்று நியூன்ஹாம் பெண்களுக்கு மட்டும். கிர்ட்டனில் 1979 முதல் ஆண் மாணவர்களும் உண்டு. என் சித்தி மகள் இப்போது நம் ஊர்ப் பக்கத்து விடுதி ஒன்றில் இருக்கிறாள். மாலை ஆறரைக்குள் கைரேகை வைக்க வேண்டும். தவறினால் அப்பாவின் கைபேசிக்குத் தானாகக் குறுஞ்செய்தி போய்விடும். புகைப்பட அட்டையெல்லாம் இப்போது இல்லையாம். கிர்ட்டன் தீயணைப்புப் படையைப் பற்றி அவளிடம் ஆர்வமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எங்கள் ஹாஸ்டலிலும் தீயணைப்புக் கருவி இருக்கிறது அக்கா” என்றாள். “யாரும் எடுத்துவிடக் கூடாது என்று வார்டன் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.”